படத்துக்குள் எழுதியிருக்கும் லென்ஸ் பெயர் சரிதானா?

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில், விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை களவு போனது. 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் கலைக்கூடம் அதை விலைக்கு வாங்கியது. பத்து வருடம் கழித்து, 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது, அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து அதையும் ஒப்படைத்தார். இரண்டும் நம் கோயில் சிலைகள்தான் என்று நிரூபித்ததில் பழைய புகைப்படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான படங்கள் அங்கே இருக்கின்றன. ஸ்ரீபுரந்தான் நடராஜர் கோயிலுக்குள் இருப்பதைக் காட்டிய 1994ஆம் ஆண்டுப் படமும் அந்தச் சேகரிப்பிலிருந்து வந்ததுதான்.

அந்தப் படங்கள் சாட்சியாக நின்றதற்குக் காரணம், எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வருடம் என்ற குறிப்பும் கூடவே இருந்ததுதான். குறிப்பு இல்லாத படத்தைக் காட்டி யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா தொடங்கிய ஸ்டுடியோவை இப்போது நான் நடத்துகிறேன். அப்பா ஒவ்வொரு பிரிண்டின் பின்பக்கமும் பென்சிலால் தேதி, இடம், லென்ஸ், அப்பர்ச்சர் எல்லாம் எழுதுவார். இன்றைக்கு அந்த வேலையைக் கேமராவே செய்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் எக்ஸிஃப் என்ற பகுதியில் நேரம், ஷட்டர், அப்பர்ச்சர், ஃபோகல் லெங்த், லென்ஸ் பெயர் எல்லாம் தானாகப் பதிந்துவிடும். நம் ஆட்கள் அதை அப்படியே நம்புகிறார்கள். கேமரா எழுதியது என்பதாலேயே சரியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அதில் அடிக்கடி பிசகுவது லென்ஸ் விவரம். அதைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் பிசகுகிறது? எக்ஸிஃப் என்பது 1995இல் ஜப்பானியர்கள் வகுத்த தரம். லென்ஸின் பெயரை எழுதுவதற்கென்று அதில் முதலில் தனி இடமே இருக்கவில்லை. 2010இல் வந்த 2.3ஆம் பதிப்பில்தான் லென்ஸ் தயாரிப்பாளர், லென்ஸ் மாடல், லென்ஸ் சீரியல் எண் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு கம்பெனியும் ‘மேக்கர் நோட்ஸ்’ என்ற தன் சொந்தப் பகுதியில், தனக்குத் தெரிந்த முறையில், பெரும்பாலும் ஒரு எண்ணாக மட்டும் எழுதிவந்தது. அந்த எண் எந்த லென்ஸ் என்று அகராதி பார்த்துச் சொல்வது கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருளின் வேலை.

கேனனை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் இ.எஃப். மவுண்ட் வந்ததிலிருந்து லென்ஸும் பாடியும் மின்தொடர்பில்தான் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு லென்ஸுக்கும் கேனன் ஒரு எண் கொடுத்தது. சிக்மா, டாம்ரான், டோகினா போன்ற வெளிக் கம்பெனிகள் தங்கள் லென்ஸ் கேனன் பாடியில் வேலை செய்ய வேண்டுமே என்று, ஏற்கெனவே இருந்த கேனன் எண் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டன. கேனனின் 50 மி.மீ. எஃப் 2.5 மேக்ரோவுக்கு எண் 10. சிக்மாவின் 105 மி.மீ. மேக்ரோ ஒன்றும் தன்னை 10 என்றே சொல்லிக்கொள்ளும். ஃபோகல் லெங்த்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் சேர்த்துப் பார்த்து, எந்த லென்ஸாக இருக்கும் என்று மென்பொருள் ஊகிக்கும். ஊகம் சில சமயம் தவறிவிடும்.

இன்னொரு வகை, இளைஞர்கள் இப்போது ஆசையாக வாங்கும் பழைய மேனுவல் லென்ஸ்கள். மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு அடாப்டர் போட்டு எந்தப் பழைய லென்ஸையும் மாட்டலாம் என்றாகிவிட்டது. கடற்கரை ஊர் எங்களுடையது. உப்புக்காற்றுக்கு நடுவிலும் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றி வைத்த அந்தக் காலத்துக் கண்ணாடிகளுக்கு இன்றைக்கும் மதிப்பு இருக்கிறது. ஆனால் அவற்றில் மின்தொடர்பு கிடையாது. அதனால் ஃபோகல் லெங்த் என்ற இடத்தில் பூஜ்யம் விழும், அப்பர்ச்சர் காலியாக நிற்கும். இதுவாவது பரவாயில்லை, தெரியாது என்பதைத் தெரியாது என்றே கேமரா எழுதுகிறது. சிப் வைத்த அடாப்டர் இன்னும் மோசம். எந்த லென்ஸை மாட்டினாலும் அந்தச் சிப்பில் ஏற்றி வைத்த ஒரே விவரத்தையே, பெரும்பாலும் 50 மி.மீ. என்று, அது சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகைதான் சிதம்பரத்தில் எனக்கு முன்னால் வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுர வாயில்களின் உட்சுவரில் 108 கரணங்களையும் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் அசைவுகள் கல்லில் நிற்கின்றன. கூடவே அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகம் கிரந்த எழுத்தில் பொறித்த இடங்களும் உண்டு. பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றது இதே ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். 1981இலிருந்து சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர் இது. கரணச் சிற்பங்களைப் படமெடுக்க ஆசைப்படும் நாட்டிய மாணவிகளுக்குக் குறைவே இல்லை.

அப்படி ஒரு பெண், அனுமதி வாங்கிக்கொண்டு, தன் தம்பியை வைத்துக் கீழக் கோபுர வாயிலில் படமெடுத்திருந்தாள். கேமரா நிகான் டி750. லென்ஸ் இரண்டும் அவள் மாமாவுடையவை, மேனுவல் லென்ஸ்கள்: 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று, 105 மி.மீ. எஃப் 2.5 ஒன்று. நிகானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. 1977க்குப் பிறகு வந்த ஏ.ஐ. வகை லென்ஸ்களை 2014இல் வந்த டி750இலும் அப்படியே மாட்டலாம். கை, கால், இடுப்பு வளைவின் கோணங்களை அளந்து எழுதுவதற்காக எடுத்த படங்கள் அவை.

“அக்கா, எல்லாப் படத்துலயும் அம்பதுன்னே காட்டுது. தம்பி பாதிக்கு மேல நூத்தியஞ்சுதான் மாட்டினேங்கறான். எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். மின்தொடர்பில்லாத லென்ஸுக்காக இந்தக் கேமராவில் ‘நான்-சிபியு லென்ஸ் டேட்டா’ என்று ஒரு மெனு இருக்கிறது. ஒன்பது லென்ஸ்கள் வரைக்கும் ஃபோகல் லெங்த்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் நாமே பதிந்து வைக்கலாம். லென்ஸை மாற்றும்போது மெனுவிலும் எண்ணை மாற்ற வேண்டும். கோபுர வாயிலில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, அவசரத்தில் லென்ஸை மட்டும் மாற்றினால் கேமராவுக்கு அது தெரியாது. படம் நன்றாகவே விழும், வெளிச்சத்தில் குறை தெரியாது. அதனால் எடுக்கும் நேரத்தில் யாரும் கவனிப்பதும் இல்லை.

பிசகியது ஃபோகல் லெங்த் மட்டுமல்ல, அப்பர்ச்சரும்தான். இது பலருக்குத் தெரியாத விஷயம். ஏ.ஐ. லென்ஸின் வளையம் “நான் எஃப் 8இல் இருக்கிறேன்” என்று கேமராவிடம் சொல்வதில்லை. “முழுக்கத் திறந்த நிலையிலிருந்து இத்தனை ஸ்டாப் மூடியிருக்கிறேன்” என்று மட்டும்தான் சொல்லும். முழுத் திறப்பு எவ்வளவு என்பதைக் கேமரா மெனுவில் பார்த்துத்தான் கணக்குப் போடும். 105 மி.மீ. லென்ஸின் முழுத் திறப்பு 2.5, மெனுவில் இருந்ததோ 50 மி.மீ. லென்ஸின் 1.8. ஆகவே எஃப் 8இல் எடுத்த படத்தில் எஃப் 5.6 என்று விழுந்திருந்தது. எஃப் 11இல் எடுத்தது எஃப் 8 ஆகியிருந்தது. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே ஒரு ஸ்டாப் வித்தியாசம். தவறு ஒரே சீராக இருந்தது நல்லதாகப் போயிற்று. சீரான தவறைத் திருத்திவிடலாம்.

இனி, எந்தப் படம் எந்த லென்ஸ்? கண்ணால் பார்த்தே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டி750இன் சென்சார் அகலம் 36 மி.மீ. 3 மீட்டர் தள்ளி நின்று 105 மி.மீ. லென்ஸில் எடுத்தால் படத்தின் குறுக்கே ஏறத்தாழ 1 மீட்டர் சுவர் விழும். அதே இடத்திலிருந்து 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் 2 மீட்டருக்கும் மேல் விழும். அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒவ்வொரு வரிசைத் தூணுக்கும் முதல் படத்தில், சிற்பத்தின் மேல் படாமல், ஓர் அடி ஸ்கேலைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி எடுத்திருந்தாள். நின்ற தூரத்தையும் நோட்டில் குறித்திருந்தாள். 3 மீட்டரில் நின்றெடுத்த ஒரு படத்தில் 30 செ.மீ. ஸ்கேல் படத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருந்தது. அப்படியானால் அது 105தான், சந்தேகமே இல்லை. இப்படி ஒவ்வொரு தொகுதியாகப் பிரித்தோம்.

லென்ஸ் எதுவாக இருந்தால் என்ன, படம் படம்தானே என்று கேட்கலாம். அளப்பதற்காக எடுத்த படத்தில் அப்படிச் சொல்ல முடியாது. தூரமும் ஃபோகல் லெங்த்தும் தெரிந்தால் சிற்பத்தின் உயரத்தைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். ஃபோகல் லெங்த்தைப் பாதியாக எடுத்துக்கொண்டால் கல் இரண்டு மடங்கு உயரமாகிவிடும். பல கோணத்தில் எடுத்த படங்களைக் கோத்து முப்பரிமாண உருவம் கட்டும் மென்பொருள்கள் ஆரம்பக் கணக்கை எக்ஸிஃபில் உள்ள ஃபோகல் லெங்த்தை வைத்துத்தான் தொடங்குகின்றன. பனோரமா கோக்கும் ஹியூகினும் பார்வைக் கோணத்தை அதிலிருந்துதான் எடுக்கிறது. லைட்ரூம் போன்றவை லென்ஸின் பெயரைப் பார்த்து, அந்த லென்ஸ் கோடுகளை எவ்வளவு வளைக்கும் என்ற அட்டவணையை எடுத்து, படத்தை நேராக்குகின்றன. பெயர் தப்பானால் அட்டவணையும் தப்பு. நேராக நிற்கும் கல்தூண் உட்பக்கம் வளைந்துவிடும். பார்ப்பவர் அதைக் கோயிலின் குறை என்றுகூட நினைக்கலாம்.

திருத்துவதற்கு நான் நம்பிப் பயன்படுத்துவது எக்ஸிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி என்பவர் 2003இலிருந்து எழுதிப் பராமரித்துவரும் இலவச மென்பொருள் இது. அழகான திரை எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். பயப்படத் தேவையில்லை. பட்டன் வைத்த திரைதான் வேண்டும் என்பவர்களுக்கு டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் விவரத்தைத் திருத்தும் பகுதி இருக்கிறது. லைட்ரூமில் வேலை செய்பவர்களுக்கு லென்ஸ்டேக்கர் என்ற சேர்ப்பு கிடைக்கிறது. உள்ளே அதுவும் எக்ஸிஃப்டூலைத்தான் கூப்பிடுகிறது.

ஆனால் எதைத் தொடுவதற்கு முன்னும், மெமரி கார்டிலிருந்த ஃபைல்கள் அப்படியே இன்னொரு ஹார்டு டிஸ்கில் போய்விட வேண்டும். அந்தப் பெண்ணிடமும் முதலில் அதைத்தான் செய்யச் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லா ஃபைல்களின் விவரத்தையும் எக்ஸிஃப்டூலால் ஒரே அட்டவணையாக எடுத்து எக்ஸெலில் திறந்தோம். ஃபைல் பெயர், நேரம், ஃபோகல் லெங்த், அப்பர்ச்சர், லென்ஸ் என்று வரிசையாக நின்றன. நேரத்தைப் பார்த்தாலே லென்ஸ் எப்போது மாறியது என்பது தெரிந்தது. இரண்டு படங்களுக்கு நடுவில் நாலைந்து நிமிட இடைவெளி விழுந்த இடமெல்லாம் லென்ஸ் மாற்றிய இடம். ஸ்கேல் கணக்கும் அதோடு ஒத்துப்போயிற்று. 105இல் எடுத்தவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டு, ஃபோகல் லெங்த், 35 மி.மீ.க்கு இணையான ஃபோகல் லெங்த், அதிகபட்ச அப்பர்ச்சர், லென்ஸ் மாடல் ஆகிய நான்கையும் ஒரே கட்டளையில் மாற்றினோம். எஃப் எண்ணை மட்டும் 5.6 விழுந்தவை ஒரு கட்டு, 8 விழுந்தவை ஒரு கட்டு என்று தனித்தனியாக எழுதினோம். எக்ஸிஃப்டூல் திருத்துவதற்கு முன்னிருந்த ஃபைலைப் பெயருக்குப் பின்னால் ‘ஒரிஜினல்’ என்று சேர்த்துத் தானாகவே வைத்துவிடும். அவசரப்பட்டு அதை அழித்துவிடாதீர்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. லென்ஸ் விவரம் ஃபைலுக்குள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எக்ஸிஃபில் ஒன்று, மேக்கர் நோட்ஸில் ஒன்று, லைட்ரூம் போன்றவை எழுதும் எக்ஸ்.எம்.பி. பகுதியில் இன்னொன்று என்று மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு மென்பொருள் 105 என்று சொல்லும், இன்னொன்று 50 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். திருத்திய பிறகு மூன்று இடத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். லைட்ரூமில் ஏற்கெனவே ஏற்றிய படமானால், ஃபைலிலிருந்து விவரத்தைத் திரும்பப் படி என்று அதற்குச் சொன்னால்தான் புதிய விவரம் ஏறும். ரா ஃபைல்களுக்கு என் பழக்கம் வேறு. ரா ஃபைலைத் தொடவே மாட்டேன். பக்கத்தில் வைக்கும் எக்ஸ்.எம்.பி. ஃபைலில் திருத்தத்தை எழுதி வைப்பேன்.

கடைசியாக ஒவ்வொரு படத்தின் குறிப்புப் பகுதியிலும் ஒரு வரி சேர்த்தோம்: கேமரா 50 மி.மீ. என்று பதிந்தது, ஸ்கேல் அளவையும் தூரத்தையும் வைத்து 105 மி.மீ. என்று திருத்தியது, திருத்திய தேதி, திருத்தியவர் பெயர். இந்த வரி இல்லாத திருத்தத்தை நான் திருத்தம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு அந்தப் படத்தை எடுத்து ஆராய்கிறவருக்கு நாம் மாற்றியது தெரிய வேண்டும், எதை வைத்து மாற்றினோம் என்பதும் தெரிய வேண்டும். ஊகித்து எழுதுவதும் கூடாது. எந்த லென்ஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாத சில படங்களில் அந்தப் பெண் லென்ஸ் பெயரைக் காலியாகவே விட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சாட்சியாகப் போகும் படங்களுக்கு விதி இன்னும் கடுமையானது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இழப்பைக் காட்ட எத்தனையோ பேர் படமெடுத்தார்கள். விபத்து, ஆக்கிரமிப்பு, புயல் சேதம் எதுவானாலும், வழக்குக்கோ இழப்பீட்டுக்கோ போகக்கூடிய படத்தின் ஃபைலுக்குள் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு சான்றிதழ் கேட்கிறது. ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹேஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். லென்ஸ் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். அப்படிப்பட்ட படத்தில் லென்ஸ் தவறாக விழுந்திருந்தால், தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இணைப்பதே முறை.

மொபைலில் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. லென்ஸ் மாட்டிக் கழற்றும் வேலை இல்லாததால் மொபைல் தன் லென்ஸைச் சரியாகவே எழுதும். 5 மி.மீ., 6 மி.மீ. என்று சிறிய எண்ணைப் பார்த்துத் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். மொபைல் சென்சார் சிறியது, உண்மையான ஃபோகல் லெங்த் அவ்வளவுதான், 26 மி.மீ. போலப் பக்கத்தில் தெரிவது 35 மி.மீ. ஃபிலிமுக்கு இணையான கணக்கு. மொபைல்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் அத்தனையும் உதிர்ந்துவிடும். லென்ஸும் போய்விடும், தேதியும் போய்விடும். டாகுமெண்டாக இணைத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும்.

டிஜிட்டல் கேமரா நம் பக்கம் பரவிய காலத்தில், பழைய லென்ஸை மாட்டிக் கோயில்களையும் ஊர்களையும் எடுத்தவர்கள் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பரங்கிப்பேட்டைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஃபைல்களில் லென்ஸ் விவரம் காலியாகவோ தவறாகவோதான் இருக்கும். சரியான விவரம் எடுத்தவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே உட்கார வைத்துக் கேளுங்கள்: எந்தப் பாடி, எந்த லென்ஸ், எந்த வருடம். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, படங்களோடு அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஃபைலுக்குள் திருத்துவதைப் பிறகு ஆற அமரச் செய்துகொள்ளலாம்.